நிலாவெளியைச் சரியாக எழுதும் மென்பொருளை டெபியன் ஏன் திருப்பி அனுப்பியது?

திருகோணமலையிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். வயது 27. பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் தங்கச்சி என்றே எழுதுகிறேன். படித்தது கணினி விஞ்ஞானம், வேலை நகரத்துக்குள் ஒரு கொமியூனிகேஷன் கடையில். விண்ணப்பம் டைப் பண்ணுவது, போட்டோகொப்பி, ஸ்கேன், லேமினேட், எல்லாம் அங்கே நடக்கும். கடைக்குள் பதினைந்து வருடத்து ஃபைல்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன. ஆட்கள் பழைய கடிதத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்து "இதை ஈமெயிலில் அனுப்ப வேண்டும், அங்கே திறந்தால் இங்கிலீஷ் எழுத்தாகத் தெரியுதாம்" என்று கேட்கிறார்கள். இவர் இரவுகளில் வீட்டிலிருந்து பைத்தனில் ஒரு மாற்றி எழுதினார், பாமினியைக் கொடுத்தால் யுனிகோட், அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கிற எழுத்து, வரும். அதை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்க்க ஆசைப்பட்டு, மென்பொருளை அதில் நிறுவக்கூடிய பொதியாகக் கட்டப் பழகி, இதைக் கட்டப்போகிறேன் என்று அறிவிக்கிற ஐ.டி.பி. பதிந்து, புதியவர்கள் பொதியைப் பார்வைக்கு வைக்கிற மென்டர்ஸ் தளத்தில் ஏற்றி, இரண்டு மாதம் காத்திருந்து, ஏற்றும் உரிமை உள்ள ஒருவரை ஸ்பொன்சராகப் பிடித்து, அவரும் ஏற்றிவிட, புதுப் பொதிகளைச் சோதிக்கிற நியூ வரிசையிலிருந்து ஒரு ரிஜெக்ட் மெயில் வந்திருக்கிறது. எழுத்துருவுக்கு உரிமம் எங்கே, காப்பிரைட் கோப்பு முழுமையாக இல்லை, வணிகத் தடை ஏற்க முடியாது, இவ்வளவுதான் அதில்.

"லின்டியனில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. தமிழ் என்பதால் கவனிக்கவில்லையோ?" என்று கேட்கிறார். (லின்டியன் என்பது பொதியில் பிழை தேடும் கருவி.) கூடவே நான்கு கேள்விகள். டெபியனில் சேர்க்காமல், சொந்தமாக ஒரு டெப் ஃபைல் (நிறுவும் பொதி) செய்து கொடுத்துவிடலாமா? டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவுக்கே நேராகப் போகலாமா? வெளிநாட்டிலிருந்து ஒருவர் "நான் பொதி கட்டித் தருகிறேன்" என்கிறார், கொடுத்தால் என் பெயர் போய்விடுமா? முதலாளி "கடையில் பிறந்த சாமான் கடைக்குச் சொந்தம்" என்கிறார், அது சரியா?

தங்கச்சி, உங்கள் களஞ்சியத்தை இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். நானும் பத்து வருடத்துக்கு மேலாக டெபியனுக்குப் பொதி கட்டுகிறவன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நிரல் நன்றாக இருக்கிறது. திரும்பி வந்ததற்குத் தமிழ் காரணமே இல்லை. டெபியனில் தமிழ் எழுத்துரு, தமிழ் உள்ளீட்டு முறை எல்லாம் எத்தனையோ வருடமாக இருக்கின்றன, அதன் நிறுவியே தமிழில் கேள்வி கேட்கும். அந்த மெயிலில் சொன்ன மூன்றும் உண்மையான குறைகள், மூன்றையும் ஒரு வாரத்தில் சரிசெய்யலாம். ரிஜெக்ட் என்றால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திருத்திவிட்டு அதே ஸ்பொன்சர் மூலமாக மறுபடி ஏற்றலாம், தடையில்லை. என் முதல் பொதி ஒரே ஒரு ஐகன் படத்துக்காகத் திரும்பி வந்தது. அதை யார் வரைந்தது என்று நான் எழுதவில்லை.

ஆனால் மெயிலில் சொல்லாத ஒன்றை நான் பார்த்தேன். அது எல்லாவற்றிலும் அவசரம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

சோதனைக்காக வைத்திருக்கிற ஃபோல்டரில் பதினொரு கடிதங்கள் இருக்கின்றன. கடைக்கு வந்த உண்மையான கடிதங்கள். ஒன்று காணி சம்பந்தமாகப் பிரதேச செயலாளருக்கு ஒரு அம்மா எழுதியது, அவருடைய முழுப் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், மகன் எந்த வருடம் காணாமல் போனார் என்பது வரை அதில் உண்டு. நீங்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, மாற்றி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க உண்மையான கடிதம் வேண்டும் என்று வைத்தீர்கள், எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த அம்மா டைப் பண்ணுவதற்குத்தான் காசு கொடுத்தார். உலகம் முழுக்கப் போகிற ஒரு தொகுப்பில் தன் துக்கம் கிடக்கும் என்று அவருக்குத் தெரியாது.

நல்ல வேளையாக நியூ வரிசையில் இருக்கிற பொதியை வெளியாட்கள் இறக்க முடியாது. உரிமம் பார்த்து முடியும் வரை டெபியன் அதைப் பரப்பாது. ஆனால் மென்டர்ஸ் தளமும், நிரலை வைத்திருக்கிற உங்கள் கிட் களஞ்சியமும் யாரும் பார்க்கக்கூடியவை. மென்டர்ஸில் ஏற்றியதை உடனே நீக்குங்கள். கிட்டில் ஃபைலை அழித்து ஒரு கமிட் (மாற்றப் பதிவு) போட்டால் போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும், அதற்கென்று கருவி இருக்கிறது, பிறகு களஞ்சியத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதி மிச்சப் பிரதிகளையும் துடைக்கச் சொல்லுங்கள். டெபியனுக்குள் ஒருமுறை போயிருந்தால் இது இன்னும் கஷ்டமாகியிருக்கும். வெளியான பழைய பதிப்புகளையெல்லாம் சேர்த்து வைக்கிற தனிக் காப்பகம் ஒன்று இருக்கிறது, உலகம் முழுக்க அப்படியே நகல் வைத்திருக்கிற மிரர் தளங்களும் இருக்கின்றன.

சோதனைக்கு நீங்களே கடிதம் எழுதுங்கள், கற்பனைப் பெயர், கற்பனை இலக்கம். பழமொழி ஐம்பது எழுதுங்கள், அவற்றுக்கு ஆசிரியர் கிடையாது. அத்தோடு ஊர்ப் பெயர்கள். உங்கள் நிரலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான், வாசிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன்.

பாமினியில் தமிழ் என்று வர ஜே, கே, பி, ஓ, பிறகு செமிகோலன் அடிப்போம். கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து, எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிப்பதால் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று சாமானாக இருக்கும். யுனிகோடில் க முதலில் வரும், கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகப் பின்னால் வரும். இதைத் திருப்பிப் போடுவது லேசு. சிக்கல் 'ள'வில். பாமினியில் ள என்ற எழுத்துக்கும் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ஒரே விசைதான், எஸ். அதனால் என், டீ, எஸ் என்று வந்தால் அது 'வௌ'வா, 'வெள'வா என்று நிரலுக்குத் தெரியாது. அவசரமாக எழுதிய மாற்றிகள் எல்லாம் 'வௌ' என்று முடிவு செய்து, பின்னால் வரும் பீயை இகரக் குறியாக ஒட்டி, நிலாவெளியை 'நிலாவௌி' என்றும் உப்புவெளியை 'உப்புவௌி' என்றும் ஆக்கிவிடும். 'வௌியீடு' என்று பிழையாக நின்ற தலைப்பு நம் ஆட்கள் எல்லோரும் பார்த்ததுதான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது. உங்கள் நிரல் அடுத்த குறியைப் பார்க்கிறது, பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ள தான் என்று பிடிக்கிறது, அப்படியும் தெரியாவிட்டால் சொற்பட்டியலைக் கேட்கிறது. வௌவால் வௌவாலாகவே வருகிறது, வெள்ளம் வெள்ளமாகவே வருகிறது. இந்தச் சொற்களைச் சோதனையாக எழுதிவையுங்கள், பொதி கட்டும்போதே அவை ஓடட்டும். பதினொரு கடிதத்தை விட இந்த இருபது சொல் அதிகம் சோதிக்கும்.

இலவசமாக இறங்கியது எல்லாம் சுதந்திரம் ஆகாது

பாமினி எழுத்துருவைக் கூடவே வைத்ததற்கு "எல்லாத் தளத்திலும் இலவசமாகத்தானே கிடைக்கிறது" என்கிறீர்கள். உண்மைதான், எங்கும் கிடைக்கும். ஆனால் யாரும் திருத்தலாம், யாரும் திரும்பப் பரப்பலாம் என்று அதை உருவாக்கியவர் எழுதிய ஒரு வரி நீங்கள் எடுத்த ஃபைலோடு இல்லை. எழுத்து இல்லாவிட்டால் சட்டப்படி எல்லா உரிமையும் ஆக்கியவரிடமே நிற்கும். இலங்கையில் காப்புரிமைக்குப் பதிவுகூடத் தேவையில்லை, படைத்த கணத்திலேயே பாதுகாப்பு வந்துவிடுகிறது. டெபியன் அதைப் பரப்பினால் மிரர் நடத்துகிற பல்கலைக்கழகங்கள் தொடக்கம் சீடியில் எழுதி விற்கிற கடைக்காரர் வரை எல்லோரும் மாட்டுப்படுவார்கள். அவர்கள் யாரும் ஃபைலை ஒவ்வொன்றாகப் பார்க்க மாட்டார்கள், டெபியன் பார்த்திருக்கும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்காகத்தான் நியூ வரிசையில் ஒரு மனிதர் உட்கார்ந்து உங்கள் ஃபைல்களைத் திறந்து பார்த்தார்.

தீர்வு சுகம். எழுத்துருவைத் தூக்கிவிடுங்கள், உங்கள் மாற்றிக்கு அது தேவையே இல்லை. எந்த விசை எந்த எழுத்து என்ற அட்டவணை போதும். திரையில் தமிழ் காட்ட லோஹித் தமிழோ நோட்டோவோ டெபியனிலேயே திறந்த எழுத்துரு உரிமத்தில் இருக்கின்றன, பொதி விவரத்தில் அவற்றைப் பரிந்துரையாகக் குறித்தால் சரி.

அந்த அட்டவணை விஷயத்திலும் ஒரு சொல். ஒரு இணையதளத்தின் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து எடுத்ததாகக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள், நேர்மையாக எழுதியதற்கு நன்றி. ஜே அடித்தால் த வரும் என்பது ஒரு தகவல், அது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் இன்னொருவர் எழுதிய நிரல் கோப்பை அப்படியே நகலெடுப்பது வேறு விஷயம். அவருக்கு ஒரு மெயில் போட்டு உரிமம் கேட்கலாம். அதைவிட விரைவு, நீங்களே பாமினியில் ஒவ்வொரு விசையாக அடித்துப் பார்த்துப் புதிதாக எழுதுவது. நீங்கள் தினமும் பாமினியில் டைப் பண்ணுகிற ஆள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சொற்பட்டியலையும் அப்படித்தான் பாருங்கள். நீங்களே சேர்த்ததென்றால் அதை எழுதிவையுங்கள், ஓர் அகராதியிலிருந்து இறக்கியதென்றால் அதன் உரிமத்தைத் தேடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

அடுத்தது உங்கள் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் உள்ள வரி: "தமிழ் மக்களுக்கு இலவசம், வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது." இதை எழுதிய மனம் எனக்குத் தெரியும், பெரிய கம்பனி எடுத்து விற்றுவிடும் என்ற பயம். ஆனால் டெபியனின் சுதந்திர மென்பொருள் வழிகாட்டியில் பத்து விதிகள் உண்டு, 1997 முதல் நிற்கின்றன. ஐந்தாவது, ஆட்களையோ குழுக்களையோ பிரித்துப் பார்க்கக் கூடாது. ஆறாவது, எந்தத் துறைக்கும் தடை போடக் கூடாது, வணிகமும் அதில் அடக்கம். உங்கள் ஒரே வரி இரண்டையும் மீறுகிறது. யோசித்துப் பாருங்கள், உங்கள் கடையே வணிகம்தானே? ஒரு பக்கத்துக்குக் காசு வாங்கித்தான் மாற்றிக் கொடுக்கிறீர்கள். உங்கள் வரிப்படி கிண்ணியாவிலோ மூதூரிலோ உங்களைப் போல ஒரு பிள்ளை தன் கடையில் இதை ஓட்ட முடியாது. இந்த விதிகளுக்குள் வராதவற்றை வைக்கிற நொன் ஃப்ரீ பகுதிக்குப் போகலாமா என்றால் போகலாம், ஆனால் அது டெபியனின் பகுதியாகவே கணக்கில்லை. உங்கள் பயத்துக்கு மருந்து ஜி.பி.எல். என்ற உரிமத்தின் மூன்றாம் பதிப்பு. யாரும் விற்கலாம், ஆனால் திருத்தி விற்கிறவர் வாங்குகிறவருக்கு மூலநிரலையும் அதே உரிமையையும் கொடுத்தே ஆக வேண்டும், பூட்டி வைக்க முடியாது.

லின்டியன் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

லின்டியன் சுத்தம் என்பது நல்ல அறிகுறி, அவ்வளவுதான். அது பொதியின் உடம்பைப் பார்க்கிறது, கோப்பு சரியான இடத்தில் இருக்கிறதா, விவரம் எழுதியிருக்கிறதா என்று. இந்த ஃபைல் யாருடையது என்று அதற்குத் தெரியாது. காப்பிரைட் கோப்பை நீங்கள் ஒரே பத்தியில் "எல்லாம் என்னுடையது" என்று முடித்திருக்கிறீர்கள், மொழிபெயர்ப்புக் கோப்பில் இன்னொருவர் பெயர் இருக்கிறது, ஐகனில் வேறொருவர் பெயர். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, யார், எந்த வருடம், எந்த உரிமம் என்று எழுதுங்கள். சலிப்பான வேலைதான். நியூ வரிசையில் பொதி திரும்புவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இந்த ஒரு கோப்பு.

முதலாளி சொல்வது

நான் சட்டத்தரணி இல்லை, உங்களிடம் எழுத்தில் வேலை ஒப்பந்தம் இருந்தால் அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பொதுவாக நிலை இது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஊழியர் தன் வேலையின் பகுதியாகச் செய்த படைப்பின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கு. ஆகவே முதலாளி சொல்வதை முழுக்கத் தள்ளவும் முடியாது. ஆனால் உங்களை எடுத்தது டைப் பண்ண, நிரல் எழுத இல்லை. வீட்டில், இரவில், உங்கள் லப்டொப்பில் எழுதினீர்கள், அது உங்கள் பக்கத்துக்குப் பலம். கடைக் கணினியில் சில மாலைகள் திருத்தியதாகவும், முதலாளி "அந்த ஔகாரத்தைச் சரிபண்ணு" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் கோடு மங்குகிறது.

இதை வழக்காக்காதீர்கள். நேரே போய்க் கதையுங்கள். அவருடைய பயம் என்னவென்று கேளுங்கள், பக்கத்துக் கடைக்காரரும் இதைப் பாவிப்பார் என்பதாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்கள் உங்கள் கடைக்கு வருவது கையெழுத்து விளங்கி, கச்சேரிக்கு (அரச அலுவலகத்துக்கு) எப்படி எழுதுவது என்று தெரிந்து எழுதித் தருவதால், மென்பொருளுக்காக இல்லை என்று சொல்லிப் பாருங்கள். அவர் சம்மதித்தால் இரண்டு வரி எழுத்தில் வாங்குங்கள்: இந்த நிரலில் கடைக்கு ஏதும் உரிமை இருந்தால் அதையும் ஜி.பி.எல். மூன்றின்படி வெளியிட ஆட்சேபம் இல்லை. கையெழுத்து, திகதி. நன்றி என்று கடையின் பெயரை நிரலில் போடுங்கள், அது அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். அந்தத் துண்டு கையில் வரும் வரை மறுபடி ஏற்றாதீர்கள். பிறகு ஒரு நாள் அவர் மனம் மாறினால் நீங்கள் மட்டும் மாட்டுப்பட மாட்டீர்கள், உங்களை நம்பி ஏற்றிய ஸ்பொன்சரும் மாட்டுப்படுவார்.

பெயர் போய்விடுமா?

போகாது. பொதியைப் பராமரிப்பவர் வேறு, நிரலை ஆக்கியவர் வேறு. டெபியனில் அநேகப் பொதிகள் ஆக்கியவர் கட்டியவை இல்லை. பராமரிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர் வரும், காப்பிரைட் கோப்பில் உங்கள் பெயர் நிற்கும், அதை எடுத்துவிட ஜி.பி.எல். இடம் கொடுக்காது. நம் சட்டத்திலும் ஆக்கியவர் தன் பெயரைக் கேட்கும் உரிமை தனியாக இருக்கிறது, பொருளாதார உரிமை யாரிடம் போனாலும்.

ஆனாலும் அவரிடம் முழுவதும் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன், திருட்டுப் பயத்தால் இல்லை. ஒருவர் கையில் இருக்கிற பொதி அவர் களைத்தால் நின்றுவிடும். பைத்தன் பொதிகளுக்கு டெபியனில் ஒரு குழு இருக்கிறது, சல்சா என்ற டெபியனின் கிட் தளத்தில் வேலை நடக்கும். அதில் சேர்ந்து, நீங்களும் அவரும் இருவருமாகப் பெயர் போடுங்கள். "நாளைக்கு நான் கல்யாணம் முடித்து வெளிநாடு போனால் என்ன ஆகும்" என்றும் கேட்டிருந்தீர்கள். பொதியைக் கைவிடுவதாக அறிவிக்க முறை இருக்கிறது, யாராவது எடுக்கும் வரை டெபியனின் தரக் குழு பார்க்கும். வாழ்நாள் ஒப்பந்தம் ஒன்றும் இல்லை.

சொந்த டெப், உபுண்டு

சொந்த டெப் ஃபைலை இப்போதைக்குத் தெரிந்த ஆட்களுக்குக் கொடுக்கலாம். நிரந்தர வழியாக வைக்காதீர்கள். டெப் நிறுவும்போது உள்ளே இருக்கிற ஸ்கிரிப்டுகள் ரூட் அதிகாரத்தில் ஓடும், அதாவது உங்களை நம்புகிறவர் முழுக் கணினியையும் உங்கள் கையில் தருகிறார். உங்கள் தளம் ஒருநாள் களவு போனால் அவர்கள் கணினியும் போகும். பைத்தன் பதிப்பு மாறி நிரல் உடைந்தால் யாருக்கும் தெரியாது. டெபியனில் என்றால் உடைந்தது என்று உங்களுக்கு வழு அறிக்கை வந்து நிற்கும்.

உபுண்டுவுக்குத் தனியாகப் போக வேண்டாம். அவர்கள் டெபியனின் நிலையற்ற கிளையிலிருந்து (புதியவை முதலில் வந்து சேரும் இடம்) புதுப் பொதிகளைத் தாங்களாகவே எடுத்துக்கொள்கிறார்கள், உபுண்டுவிலிருந்து மின்ட்டுக்கும் போகும். ஒரு வாசலால் போனால் எல்லா வீட்டுக்கும் போகும்.

கடைசியாக, மறுபடி ஏற்றும்போது கவனிக்க. எழுத்துரு, கடிதங்கள், பழைய அட்டவணை எல்லாம் நீங்கியதைப் புதுப் பதிப்பு எண்ணோடு வெளியிட்டு, அதிலிருந்து பொதி கட்டுங்கள், மாற்றங்களைக் குறிக்கிற சேஞ்ச்லொக் கோப்பில் உங்கள் ஐ.டி.பி. எண்ணை மூடும் வரி இருக்கட்டும். சுத்தமான சூழலில், எஸ்பில்ட் என்ற கருவியில், ஒருமுறை கட்டிப் பாருங்கள், உங்கள் லப்டொப்பில் இருக்கிற ஏதோ ஒரு லைப்ரரியால் மட்டும் ஓடுகிறதா என்று அப்போது தெரிந்துவிடும். ஸ்பொன்சருக்கு "சொன்ன மூன்றும் திருத்தியாச்சு, இன்னொன்றும் நானாகவே நீக்கினேன்" என்று எது எந்தக் கமிட்டில் என்று எழுதுங்கள், அவர் திரும்பத் தேட வேண்டியிராது. நியூவில் சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம், நடுவில் நினைவூட்டல் மெயில் மேல் மெயில் போடாதீர்கள், அங்கே இருப்பவர்கள் தங்கள் சொந்த நேரத்தில் செய்கிறவர்கள். ஏற்றுக்கொண்ட மெயில் வந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் கட்டிய பைனரியோடு (நிறுவத் தயாரான ஃபைலோடு) நியூவுக்குப் போன பதிப்பு, அடுத்த வெளியீடு தயாராகிற டெஸ்டிங் கிளைக்கு நகராது, மூலநிரல் மட்டும் கொண்ட இன்னொரு அப்லோட் வேண்டும். அதற்குப் பிறகு பெரிய வழு ஏதும் வராவிட்டால் வழமையாக ஐந்து நாளில் டெஸ்டிங்குக்குப் போகும். டெபியன் 13 வந்தது 2025 ஓகஸ்ட் 9இல், சுமார் இரண்டு வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அடுத்தது வரும், அதற்குச் சில மாதம் முந்தியே புதுப் பொதிகளுக்கு வாசல் மூடிவிடும். அவசரப்பட வேண்டியதில்லை, ஆனால் அந்தக் கடிதங்களை நீக்குகிற வேலையை மட்டும் இன்று கடை பூட்ட முன்னம் செய்துவிடுங்கள்.